பச்சைத் தண்ணீர் வந்த பக்கம்

ஹீற்றரில் சிவப்பு லைற் எரிந்தது. பைப்பைத் திறந்தால் சூடு ஏறாத பச்சைத் தண்ணீர் வந்தது. லைற் பொய் சொல்கிறதா, பைப் பொய் சொல்கிறதா என்று தெரியாமல் நான் குளியலறைக்குள் நின்றேன். ஒரு பொய் இருக்கிறதென்று தெரிந்துவிட்டால், அதை ஆர் சொன்னதென்று அறியும்வரை எனக்குச் சோறு இறங்காது. பிறவிக்குணம். தபாற் கந்தோரில் வேலை செய்கிறேன். கடித உறையில் விலாசம் எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தே எழுதியவர் கோபத்தில் எழுதினாரா ஆசையில் எழுதினாரா என்று சொல்லுவேன். "விடுப்புப் பாக்கிறதுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்கிறது உமக்கு மட்டும்தான் கஜந்தினி" என்று என் கணவர் கேதீஸ்வரன் பகிடி விடுவார்.

ஆனால் இந்தமுறை விடுப்பு, அடுத்தவர் கதை அறிகிற ஆசை, மட்டும் இல்லை. சனிக்கிழமை லண்டனிலிருந்து மச்சாள் வருகிறார். கேதீஸின் அக்கா குணலட்சுமி. வருவது எங்களைப் பார்க்க அல்ல, மாமாவை என்ன செய்வதென்று முடிவெடுக்க. "அப்பாவை இனியும் உங்கை வைச்சிருக்கேலுமோ எண்டு நான் வந்து பாத்துத்தான் சொல்லுவன்" என்று போனில் சொல்லிவிட்டார். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தோடு கதைத்து இடமும் பார்த்து வைத்திருக்கிறார். அங்கே தாதிமார் இருக்கினமாம், டொக்டர் வருவாராம், எந்நேரமும் சுடுதண்ணீர் இருக்குமாம். போனமுறை வந்து எங்கள் கிணற்றடியில் குளித்துக் காய்ச்சலில் படுத்த மனுசி. "ஒரு சுடுதண்ணி வசதி இல்லாத வீட்டிலை வயது போன ஆளை எப்பிடி..." என்று அப்போதே தொடங்கியது இந்தக் கதை. அதற்காகவே இந்த ஹீற்றரை வாங்கிப் பூட்டினோம். வாங்கிப் பூட்டியும் பச்சைத் தண்ணீர் என்றால், மச்சாளின் வாய்க்கு நாங்களே அவல் போட்ட மாதிரி.

மாமாவுக்குப் பெயர் சிவசுப்பிரமணியம். எண்பது கடந்துவிட்டது. சண்டிலிப்பாயில் புகையிலையும் வெங்காயமும் செய்த கை. "நான் இந்த வளவை விட்டு வெளிக்கிடுறதெண்டால் படுத்தபடிதான்" என்பார். எனக்கும் அவர் இங்கேதான் இருக்கவேண்டும். கடமைக்குச் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்று ஊருக்கே தெரியும். இந்த வீட்டில் அதை இருந்து கேட்கிற ஒரே ஆள் மாமாதான். கேதீஸ் நல்ல மனுசன், ஆனால் இரண்டாவது வசனத்தில் நித்திரையாகிவிடுவார்.

ஆகவே ஹீற்றருக்கு என்ன வருத்தம் என்று பார்க்கத் தொடங்கினேன். சுவிச்சைப் போட்டு நிற்பாட்டினேன். பிரேக்கரைப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு எலெக்ட்ரீசியன் லெனாட்டைக் கூப்பிட்டோம். அவர் ரெஸ்ரரை வைத்துப் பார்த்து, கரண்ட் வருகிறது என்றார். ஹீற்றரைக் கழற்றி உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பியை வெளியே எடுத்தார். கம்பி முழுக்க வெள்ளைக் கல். எங்கள் கேத்தலின் அடியில் பிடிப்பதும் இதே கல்தான்.

"எங்கடை தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வாறதெல்லோ அக்கா. உப்பிடித்தான் பிடிக்கும்" என்றார் லெனாட். கல்லை உடைத்துத் துப்புரவாக்கிப் பூட்டினார். சூடாகும்வரை இருந்து, ஹீற்றரின் வாயிலேயே பைப்பைக் கழற்றித் தண்ணீர் பிடித்துக் காட்டினார். ஆவி பறந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். பைப்பைத் திரும்பப் பூட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் திறந்தோம். இளஞ்சூடாக வந்து, வர வரப் பச்சைத் தண்ணீராகிவிட்டது.

லெனாட் தலையைச் சொறிந்தார். "நான் வேறை ஒரு வீட்டுக்கும் சொல்லிப்போட்டு வந்தனான் அக்கா. வெள்ளிக்கிழமை வந்து வடிவாப் பாக்கிறன்" என்று போய்விட்டார்.

எனக்கு வெள்ளிக்கிழமை வரை பொறுமை இல்லை. ஹீற்றருக்குள் கொதிக்கிறது, குளியலறைக்குள் வரும்போது குளிர்கிறது. இடையில் இருப்பது சுவரும் பைப்பும்தான். நடுவழியில் சூட்டை ஆர் திருடுவது?

எங்கள் வீட்டுப் பைப்பெல்லாம் சுவருக்கு வெளியேதான் ஓடும். சுடுதண்ணீர்ப் பைப் ஹீற்றரிலிருந்து வெளியே வந்து, ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று மச்சாளுக்காகக் கட்டிய புதுக் குளியலறைக்கு. மற்றது மாமாவின் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய, பின் குளியலறைக்கு. நான் உள்ளே போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு வந்து, அந்தப் பிரிகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். ஹீற்றர்ப் பக்கம் கை வைக்க ஏலாத சூடு. புதுக் குளியலறைப் பக்கம் இளஞ்சூடு. பின் குளியலறைப் பக்கம் கிணற்றுத் தண்ணீரின் குளிர்.

அந்தக் குளிர் எனக்குப் பிடிபடவில்லை. பின் குளியலறையில் ஆருமே தண்ணீர் திறக்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பைப் சும்மா இருக்கவேண்டும். ஆனால் கை வைத்திருக்க வைத்திருக்க அது இன்னும் குளிர்ந்தது. தண்ணீர் போகவேண்டிய பக்கத்தால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. ஹீற்றருக்குத் தண்ணீர் போகிற வால்வை இறுக்கி மூடினேன். ஹீற்றருக்குள் தண்ணீர் போகாவிட்டால், சுடுதண்ணீர்ப் பைப்பில் ஒரு சொட்டும் வரக்கூடாது. புதுக் குளியலறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். முழு வேகத்தில் வந்தது!

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ! தண்ணி வருகுது!"

கேதீஸ் தோட்டத்து மண் ஒட்டிய காலோடு வந்தார். "தண்ணி வராட்டிலும் சத்தம், வந்தாலும் சத்தம். நீர் என்ன துப்பறியிறீரே?"

"ஓம். களவு பிடிச்சிட்டன்."

பின் குளியலறைக்குப் போனோம். அங்கே சுடுதண்ணீருக்கு ஒரு திருகு, பச்சைத் தண்ணீருக்கு ஒரு திருகு. இரண்டும் கலந்து ஒரு ரப்பர்க் குழாயால் கை ஷவருக்கு வரும். ஷவரின் கழுத்தில் ஓர் அமத்தி இருக்கிறது. பெருவிரலால் அமத்தினால் தண்ணீர் வரும், விட்டால் நிற்கும். இரண்டு திருகும் முழுதாகத் திறந்து கிடந்தன. அமத்தியை மட்டும் விட்டுவிட்டு ஆரோ போயிருக்கிறார்கள். வெளியே வரமுடியாத பச்சைத் தண்ணீர் என்ன செய்யும்? பக்கத்தில் திறந்திருக்கிற சுடுதண்ணீர்ப் பைப்புக்குள் புகுந்து, பின்னோக்கி ஓடி, புதுக் குளியலறையால் வெளியே வரும். ஹீற்றரில் ஒரு பிழையும் இல்லை.

இரண்டு திருகையும் மூடிவிட்டு, ஹீற்றர் வால்வைத் திறந்து, புதுக் குளியலறைக்குப் போனேன். தண்ணீர் கையைச் சுட்டது. கேதீஸைக் கட்டிப்பிடித்தேன், மண் காலையும் பாராமல்.

"ஆர் திறந்து விட்டது?" என்று கேட்டேன்.

"நான் இல்லை. நான் பின்னேரத்திலை கிணத்தடியிலை குளிக்கிறனான். உமக்குத் தெரியும்தானே."

நானும் இல்லை. மாமாவைச் சந்தேகப்பட வழியே இல்லை. ஹீற்றர் பூட்டிய அன்றே, "சுடுதண்ணி நோயாளிக்கும் பிள்ளை பெத்தவளுக்கும். இந்த ரெண்டிலை ஆர் இஞ்சை இருக்கிறது?" என்று கேட்டுச் சிரித்தவர். ஆயுள் முழுக்க விடியப்புறம் கிணற்றில் அள்ளிக் குளித்த உடம்பு. இப்போது மார்கழி, திருவெம்பாவைக் காலம். கோயில் மணிக்கு முன்னமே எழும்பி, குளித்தபடி அவர் தேவாரம் பாடுவது படுக்கையில் கிடக்கிற எங்களுக்கும் பக்கத்து வளவுக்கும் கேட்கும். "உங்கடை மாமாவின்ரை பக்தி ஆருக்கு வரும்" என்று அயலில் எல்லாரும் புகழுவார்கள். ஆகவே அவர் பெயரை வெட்டிவிட்டேன். மிச்சம் ஒருவரும் இல்லை.

அடுத்தநாள் காலை, திரும்பவும் பச்சைத் தண்ணீர். பின் குளியலறையில் இரண்டு திருகும் திறந்து கிடந்தன.

அதற்கடுத்த நாள் விடியப்புறம் நான் எழும்பி, கிணற்றடி தெரிகிற குசினி யன்னலடியில் நின்றேன். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கிற சந்தோஷத்தில் குளிர்கூடத் தெரியவில்லை. தேவாரம் கேட்டது. கிணற்றடியில் ஆள் இல்லை. பாட்டு பின் குளியலறைக்குள்ளிருந்து வந்தது. ஒரே அடியையே திரும்பத் திரும்ப, உரத்த குரலில். பாட்டின் கீழே இன்னொரு சத்தம். துணியைக் கல்லில் தேய்க்கிற சத்தம்.

கதவு திறந்தது. மாமா வெளியே வந்தார். கையில் முறுக்கிப் பிழிந்த படுக்கை விரிப்பு. முன்பக்கத்துக் கொடிக்குப் போகவில்லை. வாழைகளுக்குப் பின்னால் போய், கம்பி வேலியில் விரித்தார். விரித்துவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. ஏனடி எழும்பினாய் என்று என்னையே ஏசினேன். என் வாழ்க்கையில் ஒரு விஷயத்தை அறியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தது அன்றைக்குத்தான். பச்சைத் தண்ணீரில் அந்த மணம் போகாது. அதற்காகச் சுடுதண்ணீர். தேய்க்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கக்கூடாது. அதற்காகத் தேவாரம். நாங்களும் ஊரும் அதைப் பக்தி என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

திருகுகள் ஏன் திறந்து கிடந்தன என்பதும் அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் இறைக்கும்போது ஒரு ஆள் மெசினடியில் நிற்பார், மற்ற ஆள் பாத்தியில் நின்று, ஒரு பாத்தி நிரம்பியதும் மறித்து அடுத்ததற்குத் திருப்பி, தண்ணீர் மாறுவார். பாத்தியில் நிற்கிறவருக்கு மெசினைப் பற்றிக் கவலை இல்லை. தன் காலடியில் தண்ணீரை மறித்தால் அவருடைய வேலை சரி. மாமா வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் மாறியவர். பெருவிரலை எடுத்ததும் அவர் கணக்கில் தண்ணீர் நின்றுவிட்டது.

சரி, காரணத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது. இனி என்ன செய்வது? "மாமா, ரெண்டு திருகையும் மூடுங்கோ" என்று சொன்னால் எனக்குத் தெரியும் என்று சொன்னதாகிவிடும். அந்த மனுசன் அதன் பிறகு என் முகத்தைப் பார்ப்பாரா? கேதீஸிடம் சொன்னால், அவருக்குத் தமக்கையிடம் எதையும் ஒளிக்கத் தெரியாது. மச்சாளுக்குத் தெரிந்தால் மாமாவின் பெட்டி அன்றைக்கே கட்டப்பட்டுவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால், சனிக்கிழமை மச்சாளின் தலையில் பச்சைத் தண்ணீர். கந்தோரில் அன்று முழுக்க முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன்.

மத்தியானம் லெனாட்டுக்குப் போன் எடுத்தேன். "தண்ணி ஒரு பக்கம் மட்டும் போய், திரும்பி வராமல் இருக்க ஏதும் போடலாமோ?"

"அதுக்கொரு வால்வு இருக்கு அக்கா. ஏன்?"

விஷயத்தைச் சொன்னேன், விரிப்பை விட்டுவிட்டு.

"உதுக்கு வால்வு என்னத்துக்கு? அந்த ரெண்டையும் மூடச் சொன்னால் காணுமே."

"சொல்லேலாது லெனாட். நீங்கள் வால்வைக் கொண்டு வாங்கோ."

வெள்ளிக்கிழமை லெனாட் வந்து, பின் குளியலறைக்குப் போகிற சுடுதண்ணீர்ப் பைப்பை வெட்டி, ஒரு பித்தளை வால்வைப் பூட்டினார். மாமா கதிரையை விட்டு எழும்பி வந்து பக்கத்தில் நின்றார். வால்வின் மேல் போட்டிருந்த அம்புக்குறியை விரலால் தடவினார்.

"உது புட் வால்வு மாதிரியெல்லோ?"

கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடியில் இருப்பது புட் வால்வு. ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாது. அது கெட்டுப்போய்க் கிணற்றில் இறங்கி மாற்றாத தோட்டக்காரன் இந்தப் பக்கத்தில் இல்லை. எனக்கு அது நினைவு வரவில்லை பாருங்கள்!

"ஓம் ஐயா, அதேதான்" என்றார் லெனாட். "அங்காலை போகும், இங்காலை வராது."

மாமா அம்பு காட்டிய பக்கத்தைப் பார்த்தார். பின் குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப, அங்காலை இருந்துதானோ தண்ணி திரும்பி வந்தது?"

"சில பைப்பு அப்பிடித்தானாம் மாமா. பழசானால் வருமாம்."

லெனாட் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிவிட்டார். மாமா அறைக்குள் போனார். பின்னேரம் அவர் கோயிலுக்குப் போன நேரம், தோய்த்து மடித்த பழைய விரிப்புகள் கொஞ்சத்தை அவருடைய அலுமாரிக்குள் வைத்தேன், எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி.

சனிக்கிழமை விடியப்புறம் தேவாரம் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

மச்சாள் காலையில் வந்து இறங்கினார். பெட்டியை வைத்ததும் குளிக்கப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நெடுநேரம் தண்ணீர் ஓடியது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "நல்ல சுடுதண்ணி கஜந்தினி. அலுப்பெல்லாம் போயிட்டுது" என்றார். கும்பிட வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட இருந்தோம். மச்சாள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டிருந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவருக்குக் கவலையாக இருந்தது போல.

"இஞ்சை எல்லாம் வசதியாத்தான் இருக்கு. நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்று தொடங்கினார். "ஆனால் நீங்கள் ரெண்டு பேரும் பகலிலை வேலைக்குப் போறியள். இரவிலை அடிச்சுப் போட்ட மாதிரிப் படுக்கிறியள். அப்பாவுக்கு ஏதும் எண்டால் ஆருக்குத் தெரியும்? அங்கை எண்டால் நேர்ஸ் எல்லாத்தையும் பாத்து எழுதி வைப்பா. ஒரு சின்ன மாற்றமெண்டாலும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுவினம்."

கேதீஸ் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாமா கையைக் காட்டி மறித்தார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன். எனக்கு இரவிலை தெரியாமல் போகுது."

"என்ன தெரியாமல் போகுது அப்பா?"

"சலம் போறது. படுக்கையிலை. ஐப்பசியிலை இருந்து உப்பிடித்தான்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே கதைத்தார், வெங்காய விலை கதைக்கிற மாதிரி. ஆனால் காதெல்லாம் சிவந்திருந்தது.

"விடியமுன்னம் எழும்பித் தோய்ச்சு மறைச்சனான். சத்தம் கேக்காமல் இருக்கத் தேவாரம் பாடினனான். ஊர் என்னைப் பெரிய பக்திமான் எண்டு சொல்லுது. ஆண்டவனுக்குத்தான் தெரியும் நான் ஏன் பாடினனான் எண்டு." என் பக்கம் தலையை ஆட்டினார். "பிறகு இவள் கண்டுபிடிச்சிட்டாள். இவளுக்குக் கண்டுபிடிக்காமல் இருக்கேலாது. ஆனால் உனக்கும் சொல்லேல்லை. புருசனுக்கும் சொல்லேல்லை. தனக்குத் தெரியும் எண்டு எனக்கும் சொல்லேல்லை. நான் வெக்கப்படக்கூடாதெண்டு சுவரிலை ஒரு வால்வைப் போட்டிட்டு, பைப்பிலை பழி போட்டவள்."

"அப்பா..." என்றார் மச்சாள்.

"பொறு பிள்ளை. அங்கை ஏதுமெண்டால் எழுதி வைப்பினம், சொல்லுவினம் எண்டாய். அவையள் நல்லவைதான், அது அவையின்ரை வேலை. எனக்கு, ஒருத்தருக்கும் சொல்லாத ஆள் இருக்கிற இடம் போதும்."

நான் அழுதேன். கண்ணைத் துடைக்கப் போய்க் கறிக்கை கண்ணில் பட்டு, எரிந்து, இன்னும் அழுதேன். கேதீஸ் எழும்பி வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய கோப்பையில் இன்னொரு அகப்பை சோற்றைப் போட்டார். "போதுமடா" என்றார் மாமா.

"டொக்டரிட்டைக் காட்டினதோ?" என்று மச்சாள் என்னைக் கேட்டார்.

"எப்பிடி மச்சாள் காட்டுறது? எனக்கு இப்பத்தானே தெரியும்."

மாமா சிரித்துவிட்டார். "திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போ. அதுக்கு நான் வாறன்" என்றார்.

மச்சாள் பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். எனக்கு இருக்க முடியவில்லை, பின்னால் போனேன். வாழைகளுக்கு அந்தப் பக்கம், கம்பி வேலியடியில் நின்று தகப்பனின் விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழி மூட்டத்தில் அது இன்னும் ஈரமாகவே இருந்தது.

"இஞ்சை வெயில் படாது" என்றார், என்னைப் பாராமல். "முன்பக்கத்துக் கொடியிலை போடுவம்."

"றோட்டாலை போறவைக்குத் தெரியுமே மச்சாள்."

"தெரியட்டும். எல்லா வீட்டிலையும் தோய்க்கிறவைதானே."

ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மற்றப் பக்கத்தை நான் பிடிக்க, முன்னுக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டோம். சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டோம். மச்சாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அந்த இல்லத்தின் நம்பரைத் தேடி எடுத்து, அப்பாவுக்கு இடம் வேண்டாம் என்று சொன்னார். ஏன் என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும்.

"அப்பாவுக்கு இஞ்சை ஆள் இருக்கு" என்றார்.